பழத்துக்கு அளவு பார்க்க வேண்டாம்

புவெனவெந்தூரா,
மார்ச் 9, ஞாயிறு

அன்புள்ள மார்லோவி அக்காவுக்கு,

நஸ்லி எழுதுகிறேன். நீ அனுப்பிய கம்பளிச் சட்டை வந்து சேர்ந்தது. இந்தப் புழுக்கத்தில் இதை எங்கே போட்டுக்கொள்வது என்று அம்மா சிரித்தாள். ஆனாலும் மடித்துத் தலையணைக்கடியில் வைத்திருக்கிறாள். பக்கத்து வீட்டு எதெல்மிரா வியாழக்கிழமை உன் ஊர் அந்தோஃபகஸ்தாவுக்குப் பஸ் ஏறுகிறாள். இந்தக் கடிதம் அவள் கையில் வரும். போனில் சொல்லக் கூடாதா என்பாய். நம் வீடு ஒற்றை அறை. அம்மா இல்லாத நேரத்தில் பேசினாலும் எனக்கு வாய் வராது என்பது உனக்குத் தெரியும்.

போன ஞாயிறு நீ அம்மாவைத் திட்டியதை நான் கேட்டுக்கொண்டிருந்தேன். "மூணு மாசம் வாயைக் கட்ட முடியலையா உனக்கு? நான் இங்க ஓட்டல்ல கக்கூஸ் கழுவுறது எதுக்கு?" என்றாய். அம்மா, "தப்புதான் மகளே, நாக்கு கேக்கல" என்றாள். அவள் சொன்னது பொய், அக்கா. அவள் வாயைக் கட்டினாள். நடந்ததை எழுதுகிறேன்.

முட்டி அறுவைக்கு மூன்று மாதத்தில் பத்துக் கிலோ குறைய வேண்டும் என்று டாக்டர் சொன்ன அன்று, அவள் கையில் ஒரு தாள் கொடுத்தார்கள். அந்தத் தாளை எழுதியவள் நான். சத்துணவு ஆலோசகராக ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்ததும் எனக்குத் தந்த முதல் வேலை அதுதான். ஓட்ஸ், பழுப்பு அரிசி, அவித்த காய். கீழே ஒரு வரி: 'பசித்தால் பழம் சாப்பிடுங்கள். பழத்துக்கு அளவு பார்க்க வேண்டாம்.' ஓரத்தில் ஆப்பிள், பேரிக்காய் படம். நம் தெருவில் யார் ஆப்பிள் வாங்குகிறார்கள்? அது நீ இருக்கும் சிலேயிலிருந்து வருகிறது. ஆப்பிளாவது வருகிறது, நீ வருவதில்லை.

அம்மா அந்தத் தாளை மடித்து ஏப்ரன் பையில் வைத்துக்கொண்டாள். பாலத்தடியில் பழப் பேசினைத் தலையிலிருந்து இறக்கி வைத்ததும் சக வியாபாரிகளிடம் எடுத்துக் காட்டுவாள். "என் மக எழுதினது. பழத்துக்கு அளவே கிடையாதாம்!" தோரிபியா அக்கா விடுவாளா? "அப்போ வீட்டுல சோத்துப் பானையைக் கழுவிக் கவுத்துடு, ஓஃபிரு. மக படிச்சு உனக்கு அரிசிச் செலவு மிச்சம்" என்பாளாம். அம்மா அதையும் என்னிடம் பெருமையாகத்தான் சொன்னாள்.

உண்மையிலேயே பானையைக் கவிழ்த்துவிட்டாள். சோறு இல்லை, வறுத்த வாழைக்காய் இல்லை. ஞாயிற்றுக்கிழமை எனக்கு மீன் குழம்பு வைத்துவிட்டு, வாசனைக்கு எட்டாமல் வாசலில் போய் உட்கார்ந்துகொள்வாள். பசித்தால் பழம். அவளுக்குப் பழம் என்றால் எது? முப்பது வருஷமாக அவித்துத் தலையில் சுமந்து விற்பது எதுவோ அது, சொந்தாதூரோ. விற்காத சொந்தாதூரோவைத் தோல் சீவிய பிறகு நாளைக்கு வைக்க முடியாது, விற்பவளே தின்று தீர்ப்பாள் என்பது உனக்குத் தெரிந்ததுதானே. முன்பு அதற்கு மேல் சோறும் தின்றாள், ஆனால் பழம் இரண்டோ மூன்றோதான். தாள் வந்த பிறகு பாலத்தடியிலேயே மதியம் எட்டு, சாயங்காலம் ஆறு, தேன் ஊற்றி. தேனும் நல்லதுதானே என்று.

பெயர்தான் பழம். கடித்தால் கிழங்கு மாதிரி மாவு, அதோடு எண்ணெய்ச்சத்தும். மூன்று தின்றால் ஒரு தட்டுச் சோறு தின்ற கணக்கு. கெட்டது இல்லை, அக்கா. மிகவும் நல்லது. சோற்றுக்குப் பதில் மூன்று, தேன் இல்லாமல், என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும்.

ஏன் எழுதவில்லை தெரியுமா? இரண்டாம் வருஷம் வகுப்பில், அவரவர் வீட்டில் தினமும் தின்னும் பழத்தைக் கொண்டுவந்து நிறுத்துப் பாருங்கள் என்றார் ஆசிரியை. நான் முந்தின நாள் சூப்பர் மார்க்கெட்டுக்குப் போய் ஒரு ஆப்பிள் வாங்கினேன். சொந்தாதூரோவை எடுத்துப் போனால் பேசின்காரி மகள் என்று தெரிந்துவிடுமே. தராசில் அந்த ஆப்பிள் மினுமினுவென்று உட்கார்ந்திருந்தது. ஆசிரியை பாராட்டினார்.

நாலாவது வாரம் பேசினுக்கடியில் கிடந்த கொட்டைகளைப் பார்த்தேன். எனக்குப் புரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சொல்லலாம் என்று இருந்தேன். அந்த ஞாயிறு அவள், "பாத்தியாடி, இருபத்தெட்டு நாளா ஒரு பருக்கை தொடல" என்று குழந்தை மாதிரி விரல் விட்டுக் காட்டினாள். சொல்லவில்லை. அடுத்த ஞாயிறும் சொல்லவில்லை.

எடை பார்க்கும் நாளில் நான் அந்த அறையில்தான் இருந்தேன், வெள்ளைக் கோட்டோடு. என் சட்டையில் குத்தியிருக்கும் அட்டையில் நஸ்லி கைசெதோ என்று அப்பாவின் பெயர் மட்டும்தான். நம்மை விட்டுப் போனவரின் பெயர். அம்மாவின் அங்குலோ அதில் இல்லை. அதனால் நான் அவள் மகள் என்று அங்கே யாருக்கும் தெரியாது. முட்டி காட்ட வந்த முதல் நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் அம்மா என்னைக் கூப்பிட வாயெடுத்தபோது நான் வேறு பக்கம் பார்த்தேன். அன்றிலிருந்து அங்கே அவள் என்னை டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுகிறாள்.

மூன்று கிலோ கூடியிருந்தது. டாக்டர் கோபமாக, "என்னம்மா தின்னீங்க?" என்றார். "தாள்ல இருக்கிறதுதான் டாக்டர். பழந்தான்" என்றாள். "பழம் தின்னு யாரும் குண்டாக மாட்டாங்க. பொய் சொல்லாதீங்க. இந்தத் தாளை எழுதினவங்க இதோ நிக்கிறாங்க, அவங்ககிட்டயே கேப்போமா?" என்றார்.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"இல்ல டாக்டர், திருட்டுத்தனமா எம்பனாடா தின்னேன். பன்னித்தோலு வறுவலும் தின்னேன். டாக்டரம்மா மேல தப்பில்ல" என்றாள். டாக்டர் சிரித்துவிட்டு என்னிடம் குறித்துக்கொள்ளச் சொன்னார். 'நோயாளி அறிவுரையைப் பின்பற்றவில்லை.' என் கையெழுத்தில் எழுதினேன், அக்கா. அறுவைப் பட்டியலிலிருந்து அவள் பெயரை எடுத்துவிட்டார்கள். இனி அடுத்த வருஷம் பார்க்கலாமாம்.

திரும்பும்போது நம் தெருப் படிக்கட்டில் நாலு இடத்தில் உட்கார்ந்தாள். நான் அழுதேன். அவளோ, "உன் வேலை போயிருக்கும்டி. முட்டி எங்க போகுது, இங்கதான இருக்கு" என்றாள். அப்போது சொன்னேன், மூன்று பழம், ஒரு தட்டுச் சோறு என்று. விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். பிறகு, "அப்போ நான் பசிச்சுக் கெடந்தது?" என்று கேட்டாள்.

இப்போது மதியம் எண்ணி மூன்றுதான் தின்கிறாள். கூட அவித்த மீனும் கீரையும். குறையும் போலத்தான் இருக்கிறது. ஆனால் பேசினை இன்னும் தலையில்தான் தூக்குகிறாள். டாக்டரிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று திங்கட்கிழமைதோறும் கிளம்புகிறேன். மூன்று திங்கட்கிழமை போய்விட்டன. அந்தத் தாள் இன்னமும் எல்லாருக்கும் போய்க்கொண்டிருக்கிறது. நாளை மறுபடியும் திங்கட்கிழமை.

நீ அங்கே குளிரில் உடம்பைப் பார்த்துக்கொள். எனக்காக ஒன்று செய். இந்தக் கடிதம் கிடைத்த பிறகு ஞாயிறு பேசும்போது அம்மாவைத் திட்டாதே. முட்டி எப்படி இருக்கிறது என்று மட்டும் கேள். நல்லாயிருக்கு என்பாள். நம்பாதே.

உன் தங்கை,
நஸ்லி கைசெதோ அங்குலோ,
ஓஃபிர் அங்குலோவின் மகள்