கப்பலில் என்ஜின் சத்தம்

மார்ச் 4, செவ்வாய்

இன்று ரத்தம் எடுக்க வந்த ஒரு முதியவர், ஊசி குத்தியதே தெரியவில்லை என்றார். இருபது வருடம் இந்த வேலையில் இருந்தும் இப்படி யாராவது சொன்னால் அன்று முழுக்க எனக்குச் சந்தோசம்.

பின்னேரம் விக்னராஜா அண்ணை ஃபோன் எடுத்தார். எங்கள் தமிழ் இளையோர் குழுவை நடத்துபவர் அவர்தான். அடுத்த வாரம் சனிக்கிழமை பிள்ளைகளை ஓர் இரவு கப்பலில் தங்க வைக்கப் போகிறார். துறைமுகத்தில் மியூசியமாகக் கட்டிப் போட்டிருக்கும் பழைய போர்க்கப்பல். பெண்பிள்ளைகளோடு இரண்டு பெண்கள் நிற்க வேண்டும் என்பது அங்கே விதியாம். மார்கரெட் அக்கா ஏற்கெனவே சம்மதித்துவிட்டா. வருவதாக இருந்த மற்றவருக்கு இடுப்புப் பிடித்துவிட்டது. நான் வராவிட்டால் எல்லாவற்றையும் ரத்துச் செய்ய வேண்டும் என்றார்.

ஓம் சொல்லிவிட்டேன்.

மகள் மயூராவிடம் சொன்னபோது அவள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தாள். பதின்மூன்று வயதில் அவளுக்கு எவ்வளவு வலிக்கிறது உலகம். "யார் வேணுமெண்டாலும் வரட்டும். நீங்க மட்டும் வேண்டாம். பிளீஸ், அம்மா."

ஏன் என்று கேட்டேன்.

"நீங்க ஸ்நோர் பண்ணுவீங்க."

நான் குறட்டை விடுவதில்லை.

மார்ச் 5, புதன்

ஆரூரனைக் கேட்டேன். கட்டிய மனுசன், உண்மை சொல்வார் என்று நினைத்தேன். "குறட்டை எண்டு சொல்லேலாது. புல்லு வெட்டுற மிஷின் எண்டு சொல்லலாம்" என்றார்.

அப்படியென்றால் முதுகு நோகிறது, மற்ற அறை மெத்தைதான் தனக்குச் சரி என்று சொல்லி அங்கே போய்ப் படுத்தது? அது சும்மா சொன்னதாம். இரண்டு வருசமா எனக்குச் சும்மா சொல்லிப்போட்டுப் படுத்திருக்குது இந்த மனுசன்! நானும் இரவிரவா முதுகுக்கு எண்ணெய் பூசி விட்டனான்.

மார்ச் 7, வெள்ளி

உண்மையை நிரூபிக்க நேற்றிரவு ஃபோனைத் தலைமாட்டில் வைத்துப் பதிவு செய்தேன். காலையில் போட்டுக் கேட்டேன். இரவு முழுக்கப் பக்கத்து வீட்டுக்காரர் மரம் அறுத்திருக்கிறார்.

மார்ச் 8, சனி

பக்கத்து வீட்டில் மரமே இல்லை.

மார்ச் 14, வெள்ளி

மயூராவுக்கும் எனக்கும் ஓர் ஒப்பந்தம். நான் வரலாம். ஆனால் நித்திரை கொள்ளக் கூடாது. ஓர் இரவுதானே, மனிதர் எத்தனை சிவராத்திரி முழித்திருக்கிறார்கள். சத்தியம் பண்ணச் சொன்னாள், பண்ணினேன். இஞ்சி போட்ட பிளேன்டீ ஒரு பெரிய பிளாஸ்க் நிறைய. முறுக்கு. கொறித்துக்கொண்டே இருந்தால் கண் மூடாது.

மார்ச் 15, சனி - கப்பலில் இருந்து

விக்னராஜா அண்ணை வெள்ளைக் கப்டன் தொப்பி ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டு விசிலோடு வந்திருக்கிறார். கப்பலில் கதவெல்லாம் கட்டை. ஒவ்வொரு கதவிலும் தலையை இடித்துக்கொள்கிறார். இடித்ததும், வேண்டுமென்றே நின்றதுபோல விசில் ஊதிப் பிள்ளைகளை எண்ணுகிறார்.

கப்பலைச் சுற்றிக் காட்டியவர் நோயல். ஓய்வுபெற்ற கடற்படைக்காரர். நல்ல பொறுமைசாலி. மேலே கப்பலை நடத்தும் அறையில் ஒரு பித்தளைக் குழாய் இருக்கிறது. அதில் வாய் வைத்துக் கதைத்தால், கீழே இப்போது பையன்கள் படுக்கும் இடத்தில் பக்கத்தில் நின்று சொல்வது போலக் கேட்கும். அந்தக் காலத்தில் கட்டளைகள் இதில்தான் போனதாம். எங்கள் பிள்ளைகள் கொத்து ரொட்டி ஓடர் பண்ணினார்கள். கெல்லிவில்லில் இருந்து வரும் ப்ரீத்தி, நெய் ரோஸ்ட் கேட்டாள். கீழேயிருந்து ஒருவன், சமையல்காரர் கடலில் விழுந்துவிட்டார் என்று பதில் அனுப்பினான்.

படுக்கை மூன்றடுக்கு. எனக்கு மேல் தட்டு. ஏறிப் பார்த்ததில் பாதியில் மாட்டிக்கொண்டேன். மார்கரெட் அக்கா கீழேயிருந்து தள்ளினா. மயூரா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். எப்படியோ இறங்கிவிட்டேன். எப்படியும் படுக்கப் போவதில்லைதானே.

மார்ச் 16, ஞாயிறு

எழுதவே வெட்கமாக இருக்கிறது.

பிள்ளைகள் படுத்த பிறகு, மார்கரெட் அக்கா பக்கத்தில் இருக்கிறா என்ற தைரியத்தில், பிளாஸ்கோடு மேலே அந்த அறைக்குப் போனேன். அங்கே கப்டனின் கதிரை இருக்கிறது. உயரமான, முதுகு நேரான கதிரை. இதில் யாரால் தூங்க முடியும் என்று நினைத்தேன். துறைமுக வெளிச்சம் தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தது. ஒரு கோப்பை குடித்தது ஞாபகம் இருக்கிறது.

பிறகு நடந்ததை மார்கரெட் அக்கா சொல்லித்தான் தெரியும்.

குழாயின் மூடியைப் பிள்ளைகள் திறந்தபடியே விட்டிருக்கிறார்கள். கதிரை அதற்குப் பக்கத்தில். கீழே பையன்கள் திடுக்கிட்டு எழும்பியிருக்கிறார்கள். விக்னராஜா அண்ணை காதைக் குழாய்ப் பக்கம் வைத்துக் கேட்டுவிட்டு, என்ஜின் ஓடத் தொடங்கிவிட்டது, கப்பல் அவிழ்ந்துவிட்டது என்று முடிவு செய்தாராம். இடுப்பில் சாரம், தலையில் கப்டன் தொப்பி, வாயில் விசில். எல்லோரையும் வெளித்தட்டுக்குக் கூட்டிப் போய் வரிசையாக நிறுத்திவிட்டார். நோயல் கொட்டாவி விட்டபடி வந்து, இந்த என்ஜின் ஓடிப் பல வருடம், எண்ணெய்கூட இல்லை என்றார். கயிறுகளையும் காட்டினார். கப்பல் கட்டினபடியேதான் நின்றது.

அப்படியானால் வெளித்தட்டு வரைக்கும் கேட்கும் அந்தச் சத்தம்?

ஒரு பையன், இங்கே செத்த மாலுமியாக இருக்கும் என்றான். அதோடு சின்னப் பிள்ளைகள் அழத் தொடங்கிவிட்டார்கள். ப்ரீத்தி, அம்மாவை வரச் சொல்லுங்கள் என்று விக்கினாளாம். விக்னராஜா அண்ணை எல்லாப் பெற்றோரையும் கூப்பிட ஃபோனை எடுத்துவிட்டார்.

மயூராவுக்கு முதலிலேயே தெரிந்திருக்கும். பிறந்ததிலிருந்து கேட்கிற சத்தம். அவள் பேசாமல் நின்றிருக்கலாம். எல்லோரும் வீட்டுக்குப் போயிருப்பார்கள், ஒருவருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அவள் ப்ரீத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு எல்லோருக்கும் கேட்கச் சொன்னாளாம்: "பேயும் இல்லை, என்ஜினும் இல்லை. அது என்ர அம்மா."

நான் கண் விழித்தபோது டார்ச் வெளிச்சம். அறை வாசல் முழுக்க முகங்கள். மடியில் முறுக்கு. பையன் ஒருவன் கை தட்ட, எல்லோரும் தட்டினார்கள். விக்னராஜா அண்ணை ஏனோ சல்யூட் அடித்தார்.

பிள்ளைகள் திரும்பப் படுக்கப் போன பிறகு மார்கரெட் அக்கா என் பக்கத்தில் இருந்தா. அவ நர்ஸ். பினாங்கில் பிறந்தவ, மெதுவாகத்தான் பேசுவா. "சத்தம் பரவாயில்ல, தாட்சா. நடுவுல மூச்சு நின்னு போகுது. அப்புறம் திணறி வருது. அதான் எனக்குப் பயமா இருந்துச்சு."

இது மயூராவின் காதில் விழுந்திருக்கிறது. காலையில் ஸ்ட்ராத்ஃபீல்ட் ரயிலில் வீட்டுக்கு வரும்போது ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். சத்தியத்தை உடைத்ததற்குக் கோபம் என்று நினைத்து மன்னிப்புக் கேட்டேன். அவள் வேறொன்று கேட்டாள்.

"நித்திரையில செத்துப்போவீங்களா?"

இல்லை என்றேன்.

"டொக்டரிட்டப் போவீங்களா?"

ஓம் என்றேன். எத்தனை பேரின் கையில் ஊசி குத்துகிறேன், எனக்கு ஒரு டொக்டரிடம் போகத் தோன்றவில்லையே. என்ன பெண் நான்?

மார்ச் 17, திங்கள்

விக்னராஜா அண்ணை குழு வாட்ஸப்பில் நன்றிச் செய்தி போட்டிருக்கிறார். "எதிர்பாராத அவசரகாலப் பயிற்சி வெற்றி."

ஏப்ரல் 3, வியாழன்

ஆஸ்பத்திரியில் ஓர் இரவு உடம்பெல்லாம் வயர் ஒட்டிப் படுக்க வைத்துப் பார்த்தார்கள். மார்கரெட் அக்கா சொன்னதுதான் சரி, நித்திரையில் மூச்சு நின்று நின்றுதான் வருகிறதாம். இனி இரவில் மூக்கில் மாஸ்க், அதோடு ஒரு குழாய், கட்டிலருகில் ஒரு சின்ன மிஷின். முதல் தடவை போட்டுக் காட்டியபோது ஆரூரன் சிரிக்கவேயில்லை. மிகவும் அக்கறையாகப் பார்த்துவிட்டுக் குளியலறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டார். தண்ணீரையும் தாண்டிக் கேட்டது.

ஏப்ரல் 12, சனி

பின்னேரம் மூன்று மணிக்கு எனக்கு நித்திரை வரவில்லை. பகலில் கண் சொருகாமல் இருப்பது இப்படியா இருக்கும்? மற்றவர்கள் எல்லாம் எப்போதும் இப்படியா இருந்தார்கள்?

மே 10, சனி

இன்று மயூராவின் சிநேகிதிகள் எங்கள் வீட்டில் தங்குகிறார்கள். இதுதான் முதல் தடவை. எங்கள் வீடு சின்னது, அதனால்தான் யாரையும் கூப்பிடுவதில்லை என்று நான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். வீடு அதே வீடுதான்.

பீட்சா முடிந்து, படம் முடிந்து, ஹோலில் படுத்துவிட்டார்கள். என் அறைக் கதவு கொஞ்சம் திறந்திருந்தது. அவர்கள் இங்கிலீஷில் கதைப்பது கேட்டது. ப்ரீத்திதான் கேட்டாள், இன்றைக்கு அந்தக் கப்பல் சத்தத்தைக் கேட்க முடியாதா என்று. ஒரு தடவை மட்டும், ஃபோனில் எடுத்து வைக்க. அன்றைக்கு அழுதவள்.

மாஸ்கைக் கழற்றினால்தான் கேட்கும் என்றாள் மயூரா.

கழற்றச் சொல்லேன் என்றாள் ப்ரீத்தி.

"முடியாது," என்றாள் மயூரா. பிறகு எழும்பி வந்து என் கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.