நாலரை மணித் தேத்தண்ணி

உமது மேசை லாச்சியைத் துப்புரவாக்கும் வேலையும் கடைசியில் என் தலையில்தான் விழுந்தது. பிள்ளைகளின் நிறை அட்டைகள், மை முடிந்த பேனைகள், அவற்றுக்கு அடியில் நெஞ்செரிவுக் குளிசைக் காட் ஒன்று. பத்தில் ஏழு முடிந்திருந்தது. கிளினிக் கதிரையில் இருந்து அதைப் பார்த்துச் சிரித்தேன். பிறகு சிரிக்க முடியவில்லை. நீர் போய் நாலு மாதமாகிறது.

நாம் இருவரும் ஒன்றாகப் படித்து, ஒன்றாகவே குடும்பநல மாதுகளாக இந்தத் தீவுக்கு வந்தவர்கள். எனக்கு நாரந்தனைப் பக்கம், உமக்குப் புளியங்கூடல் பக்கம். வீடு வீடாகப் போய்ப் பிள்ளைத்தாச்சிகளைப் பார்க்கிற வேலை. போகிற வீடெல்லாம் தேத்தண்ணி. நான் மூன்றாம் வீட்டிலேயே கையெடுத்துக் கும்பிட்டுவிடுவேன். நீரோ ஒன்பதாம் வீட்டிலும் குடிப்பீர். மத்தியானச் சோற்றுப் பெட்டி திறவாமலே திரும்பி வரும். இரவு பத்து மணிக்குப் புட்டும் இறைச்சிக் கறியுமாக ஒரு வெட்டு வெட்டிவிட்டு உடனே சரிவீர். பிறகு நித்திரை எங்கே வரும்? "நெஞ்சு எரியுது. கண்ணை மூடினாலும் மூளை முழிச்சுக்கொண்டு கிடக்குது" என்று விடியவே தொலைபேசியில் புலம்புவீர்.

"வெள்ளெனச் சாப்பிடுங்கோ, பின்னேரம் தேத்தண்ணியைக் குறையுங்கோ எண்டு ஊருக்கெல்லாம் வகுப்பெடுக்கிறீர். உமக்கு ஆர் வகுப்பெடுக்கிறது?" என்று ஏசினேன்.

"நீர்தான் ஓயாமல் எடுக்கிறீரே," என்றீர்.

மூன்று வருசத்துக்கு முன் பிரஷர் கூடி, டொக்டரும் அதையே சொன்ன பிறகு ஒரு மாதம் என் சொல் கேட்டீர். மத்தியானத்துக்குப் பிறகு வெறும் சுடுதண்ணீர். ஏழு மணிக்குள் இடியப்பம். அந்த மாதம் நீர் நன்றாக நித்திரை கொண்டீர், முகத்திலேயே தெரிந்தது. எனக்குச் சொல்ல முடியாத சந்தோசம், புழுகம்.

அந்த மாதத்தில்தான் கடற்கரைப் பக்கத்துக் கடைசி வீட்டுப் பிள்ளை, தலைப்பிள்ளைக்காரி, ஊற்றி வந்த தேத்தண்ணியை வேண்டாமென்றீர். அவள் கோப்பையைக் குசினிக்குள் கொண்டுபோனாள். அடுத்த கிளினிக்குக்கு வரவில்லை. அதற்கடுத்ததற்கும் வரவில்லை. இங்கே சில வீடுகளில் 'வேண்டாம்' என்ற சொல்லுக்கு வேறு கருத்து. சாதி பார்த்துத் தங்கள் கோப்பையில் வாய் வைக்க மனமில்லாதவர்களை அந்தச் சனம் எத்தனை தலைமுறையாகப் பார்த்துவிட்டது! நீர் விழுந்தடித்துக்கொண்டு போய், வாசலில் நின்றே "பிள்ளை, தேத்தண்ணி ஊத்தும், விடாய்க்குது" என்று கேட்டு வாங்கிக் குடித்தீர். அவள் கிளினிக்குக்கு வந்தாள். உமது சுடுதண்ணீர் விரதமும் அன்றோடு முடிந்தது.

"உமக்கென்ன விசரே? வருத்தம் எண்டு சொன்னால் சனத்துக்கு விளங்காதோ?"

"சொன்னனான். தலையாட்டினவள். நம்பேல்லை," என்றீர். "குடிச்சால் எனக்கு ஒரு ராத்திரி போகும். குடிக்காட்டில் ஒரு பிள்ளைத்தாச்சி போயிடுவாள்."

நான் கோபித்துக்கொண்டு இரண்டு கிழமை உம்மோடு கதைக்கவில்லை.

தேத்தண்ணிதான் உம்மைக் கொண்டுபோனது என்று டொக்டர் சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன். பாரிசவாதம் வந்து மூன்றாம் நாள் போய்விட்டீர். உமது இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை. இப்போது இரண்டு பக்கமும் நான்தான். பின்னேரமானால் கால் வீங்குகிறது. எனக்கும் பிரஷர். அலுத்துப்போனேன், உண்மையைச் சொன்னால்.

நேற்று அதே கடைசி வீட்டுக்குப் போனேன். அவளுக்கு இது இரண்டாவது, நாள் கிட்டிவிட்டது. "பிள்ளை துடிக்குதோ, அசைவு தெரியுதோ?" என்று கேட்டேன். "ஓம் மிஸ், ஒரு பிரச்சினையுமில்லை," என்றாள். வயிற்றில் குழாயை வைத்துக் கேட்டேன், பிள்ளையின் இதயம் அடித்தது. அட்டையில் எழுதிவிட்டு எழும்பும்போது தேத்தண்ணி வந்தது. மணி நாலரை. வேண்டாமென்று சொல்ல வாயெடுத்தேன். அவள் நீட்டிய கை நீட்டியபடி என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். உம்மை மனதுக்குள் நன்றாக ஏசிவிட்டு, திரும்ப இருந்து குடித்தேன்.

பாதிக் கோப்பை முடியும்போது, "மிஸ், ஏசமாட்டியளோ?" என்றாள். "முந்தநாளிலையிருந்து பிள்ளை துடிக்கிறது குறைவு. அந்த மிஸ் எண்டால் உடனை சொல்லியிருப்பன். உங்களுக்குச் சொல்லப் பயமாக் கிடந்தது."

கோப்பையை அப்படியே வைத்துவிட்டு எழும்பினேன். ஓட்டோ பிடித்து, அவளை யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுத்தான் வீடு திரும்பினேன். இரவே வயிற்றை வெட்டிப் பிள்ளையை எடுத்தார்களாம். பெட்டைப் பிள்ளை. இன்னும் ஒருநாள் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று உமக்கு நான் சொல்லத் தேவையில்லை.

எனக்கு ஒரு பொட்டும் நித்திரையில்லை. விடிய அவளின் மனுசன் தொலைபேசி எடுத்தான். "தாயும் பிள்ளையும் எப்பிடித் தம்பி?" என்று கேட்டேன்.

"ரெண்டு பேரும் நல்ல நித்திரை மிஸ்."

தொலைபேசியை வைத்துவிட்டு விக்கி விக்கி அழுதேன். இன்றைக்கு உமது பக்கத்தில் எட்டு வீடு கிடக்கிறது. எட்டிலும் குடிப்பேன், வேறென்ன செய்ய.