கண்ணை மூடிய இடம்

ஏப்ரல் 18, சனி

படம் நேற்று வெளியாகிவிட்டது. எங்கள் வீட்டைத் தவிர ஊரே அதைப் பற்றித்தான் பேசுகிறது. என் வீட்டுக்காரர் சண்டைக் காட்சிகளில் ஹீரோவுக்குப் பதிலாகக் குதிப்பவர். எந்தக் குதிப்பு தன்னுடையது என்று சொல்ல மாட்டார், நானும் கேட்க மாட்டேன். படமும் பார்க்க மாட்டேன். கல்யாணமானதிலிருந்து இதுதான் எங்கள் ஏற்பாடு.

ஆனால் ஆஸ்பத்திரியில் தப்ப முடியுமா? எக்ஸ்ரே அறைக்கு நோயாளியைத் தள்ளிக்கொண்டு வந்த ஆம்புலன்ஸ் டிரைவர், “மொட்டை மாடியிலேர்ந்து பைக்கோட ஓடுற ரயில் மேல குதிக்கிறான் சிஸ்டர். தலைமுடி கூட கலையல. ரெண்டு காதுலயும் பூ சுத்தி அனுப்புறாங்க” என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, “நாளைக்கு மறுபடியும் போறேன்” என்றார். எலும்பு டாக்டருக்குக் கோபமே வந்துவிட்டது. “நம்புற மாதிரியா இருக்கு? அப்படி விழுந்தா இடுப்பு தூளாயிருக்கணும்.”

நான் அடுத்த நோயாளியின் மணிக்கட்டைத் திருப்பி வைத்து எக்ஸ்ரே எடுத்தேன்.

ஏப்ரல் 20, திங்கள்

சண்டை மாஸ்டர் போன் செய்திருக்கிறார். அடுத்த படம். மறுபடியும் உயரம்.

போதும் என்றேன். அவருடைய இடது காறை எலும்பு கோணலாக ஒட்டியிருப்பதைப் படம் எடுத்தவளே நான்தான். சொந்தப் புருஷனின் எலும்பை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்கிற கொடுமை வேறு எவளுக்கு வாய்க்கும்? இதையெல்லாம் கத்தியே சொன்னேன். அவர் கத்தவில்லை. சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே, “ஒரே ஒரு தடவை தியேட்டர்ல ஜனங்களோட உட்கார்ந்து பாரு. பார்த்துட்டும் வேணாம்னு சொன்னா விட்டுடறேன்” என்றார்.

விட்டுவிடுவார். வாக்கு மாறாத மனுஷன். அதனால்தான் இன்னும் பயமாக இருக்கிறது, முடிவு இப்போது என் கையில்.

ஏப்ரல் 21, செவ்வாய்

டிக்கெட் எடுத்தாச்சு. துணைக்கு நாத்தனார் வருகிறாள்.

ஏப்ரல் 25, சனி

பார்த்துவிட்டேன். எதை எழுதுவது, எதை விடுவது.

பைக் மாடி விளிம்பை நோக்கிச் சீறியதுமே எனக்குத் தெரிந்துவிட்டது, இது அவர்தான். பைக் என்றால் அவருக்கு உயிர். கண்ணை இறுக மூடிக்கொண்டு நாத்தனாரின் கையைப் பிடித்தேன். “விடுங்க அண்ணி, வலிக்குது” என்றாள். தியேட்டர் விசிலில் கிழிந்தது. முடிந்துவிட்டது என்று அவள் சொன்ன பிறகுதான் திறந்தேன். அதன் பிறகு நிம்மதி. இனி எல்லாம் வேடிக்கைதானே.

கடைசியில் ஒரு கண்ணாடிக் கட்டிடம். வானத்தில் போய் முட்டுகிறது. ஹீரோ அதன் சுவரில் கீழ்நோக்கி ஓடி வருகிறான். தரையில் ஓடுவது போல. அவன் மிதித்த கண்ணாடியெல்லாம் பின்னாலேயே வெடித்துக்கொண்டு வருகிறது. மெத்தை ஏற்றிப் போகிற லாரியில் விழுந்து, அடிக்கிற போனை எடுத்து, “மீட்டிங்ல இருக்கேன், அப்புறம் பேசறேன்” என்கிறான். எழுந்து நின்று கைதட்டினேன். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். முன்வரிசைப் பெண் திரும்பி, “எல்லாம் கம்ப்யூட்டர்ங்க” என்றாள். “பின்னே? மனுஷன் செய்வானா?” என்று நானும் சொன்னேன்.

வீட்டுக்கு வந்ததும், “அந்த பைக்கைப் பார்க்கவே முடியல, கண்ணை மூடிட்டேன்” என்றேன்.

“பைக்கா? அதுதான் கம்ப்யூட்டர்” என்றார். “நான் கண்ணாடிச் சுவர்ல வந்தேன். இடுப்புல கட்டியிருந்த கம்பியைத்தான் கம்ப்யூட்டர்ல அழிச்சாங்க, என்னை இல்ல.” பிறகு மெதுவாகக் கேட்டார். “அதையாவது பார்த்தியா?”

“பார்த்தேன். சிரிச்சேன்.”

அவர் முகம் அப்படி மலர்ந்து இதுவரை நான் பார்த்ததில்லை.

ஏப்ரல் 26, ஞாயிறு

தனியாகப் போனேன். இந்த முறை அந்தச் சுவருக்காக மட்டும்.

தொளதொள கோட்டு போட்டிருந்தார், அதனால்தான் முதலில் பிடிபடவில்லை. பாதி இறங்கும்போது ஒரு கால் சறுக்குகிறது. கைகள் மேலே போகின்றன. வலது கை முழுக்கப் போகிறது. இடது கை காது வரைதான். அதற்கு மேல் அது தூக்காது, எனக்குத் தெரியாதா? அந்தக் கையை வைத்துக்கொண்டு, சறுக்கிய காலைச் சேர்த்து, அடுத்த அடியை எடுத்து வைக்கிறார். என்னோடு மார்க்கெட்டுக்கு வந்தால் பையைத் தூக்கக் கை மாற்றுகிற மனுஷன். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

பின்வரிசைக் கல்லூரிக் கும்பல் படம் முழுக்கக் கிண்டலடித்தது. சறுக்கின இடத்தில் மட்டும் அவர்களிடம் சத்தமே இல்லை. யாரும் மூச்சுகூட விடவில்லை. அவர் காலை ஊன்றியதும்தான் எல்லோருக்கும் மூச்சு வந்தது. யாருக்காக மூச்சைப் பிடித்தோம் என்று அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். பெருமையில் நெஞ்சு விம்மியது, எழுதுவதற்கென்ன வெட்கம்.

பயம் போய்விட்டதா? போகவில்லை. அப்படியேதான் இருக்கிறது. இரண்டும் ஒரே நெஞ்சில் எப்படி இருக்கும் என்றுதான் புரியவில்லை.

ஏப்ரல் 28, செவ்வாய்

“போங்க” என்றேன். “ஆனா நானும் வருவேன். கீழ நிப்பேன்.”

சண்டைக்காரர்கள் கூட்டத்தில் அந்த வழக்கமே கிடையாது. குதிக்கிற இடத்துக்கு வீட்டு ஆட்கள் வரக் கூடாது. பயந்த முகத்தை மேலிருந்து பார்த்தால் கால் பின்னும் என்பார்கள். மாஸ்டரிடம் நானே போனில் பேசினேன். “அழுதா வெளிய அனுப்பிடுவேம்மா” என்றார். சரி என்றேன்.

மே 4, திங்கள்

எலும்பு டாக்டர் இன்றும் அந்தப் படத்தைக் கிழி கிழி என்று கிழித்தார். ஆசையாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஜூன் 14, ஞாயிறு

கட்டி முடியாத ஒரு பெரிய கட்டிடம். வெயில் கொளுத்தியது. உச்சியில் அவர் பொட்டாகத் தெரிந்தார். கம்பியைச் சோதித்தவர்கள் மறுபடியும் சோதித்தார்கள். மாஸ்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டேன். கை மட்டும் துப்பட்டாவை முறுக்கிக்கொண்டே இருந்தது.

குதித்தார்.

கண்ணை மூடவில்லை. ஒரு நொடிகூட மூடவில்லை. காற்றில் அவர் அவ்வளவு அழகாக இருப்பார் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

காற்றடைத்த மெத்தையிலிருந்து எழுந்து, இடுப்புப் பட்டையின் பக்கிளைக்கூட அவிழ்க்காமல் நேராக என்னிடம் வந்தார். முகமெல்லாம் தூசி. “எப்படி இருந்துச்சு?”

“நம்புற மாதிரியே இல்லைங்க” என்றேன்.

“அப்போ படம் ஓடும்” என்றார்.