அய்யாவின் பேரில் சொன்ன பொய்

அய்யாவுக்கு,

"உங்கய்யா அனுப்பி வந்தியா தாயி, நீயாத்தான் வந்தியா?" என்று காளவாசலில் கூட்டம் நடத்தும் அண்ணன் கேட்டார். நீங்கள் அனுப்பியதாகப் பொய் சொன்னேன். என் பள்ளிக்கூடத்தை நீங்கள் நிறுத்திய பிறகு வெளியாளிடம் நான் பேசியது அதுதான் முதல் தடவை.

குடியை விட நினைப்பவர்கள் அங்கே கூடிப் பேசுகிறார்கள். இன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு, மாதா கோயிலுக்குப் பின்னால் உள்ள அறையில். வேதத்தில் சேர்க்கப் பார்க்கிறார்கள் என்று கத்தாதீர்கள். திருநீறு பூசியவர்களும் உட்கார்ந்திருந்தார்கள்.

சோறும் கருவாட்டுக் குழம்பும் அடுப்படியில் மூடியிருக்கின்றன. சட்டியை எறியாதீர்கள், வேறு சட்டி இல்லை. போகும்போது சாவியை இருளாயி அத்தையிடம் கொடுங்கள்.

ஐயப்பனுக்கு மாலை போட்டிருந்த நாளெல்லாம் நீங்கள் ஒரு சொட்டுத் தொடவில்லை. சாமிக்காக முடிந்தது, எங்களுக்காகத்தான் முடியவில்லை.

நான் அம்மாவைக் கூப்பிட மேலூர் மாமா வீட்டுக்குப் போகிறேன். நீங்கள் கூட்டத்துக்குப் போயிருப்பதாகச் சொல்லித்தான் கூப்பிடுவேன். அதையும் பொய்யாக்கிவிடாதீர்கள்.

ஒச்சாயி

பின்குறிப்பு: "அவ எங்க போவா, ரெண்டு நாள்ல வந்துருவா" என்று நேற்றுச் சிரித்தீர்கள். உங்களை ஏசிவிட்டுப் போனபோதெல்லாம் அம்மா திரும்பி வந்தாள். இந்தத் தடவை பெட்டியை எடுத்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் போனாள்.