துளை விழுந்த வெள்ளிக்காசு

மார்ச் 3, ஞாயிறு

நாணயச் சங்கக் கூட்டம். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் பழங்காசுகள் கலந்து கிடந்த பெட்டி ஒன்றை வாங்கி வந்திருந்தார். களிம்பேறிய செப்புக் காசுகளுக்கு நடுவில் சுண்டுவிரல் நகத்தளவு ஒரு வெள்ளிக்காசு. “அக்கா, நீங்கதான் பார்த்துச் சொல்லணும்” என்று என் உள்ளங்கையில் வைத்தார்.

பார்த்ததுமே தெரிந்துவிட்டது. பைசாந்தியத்தின் கடைசிப் பேரரசர், தலைநகரம் முற்றுகையில் கிடந்தபோது தேவாலய வெள்ளியை உருக்கி அடித்தது. குழந்தை கிறுக்கியது போல முகம், கோணல் விளிம்பு. அந்தப் பேரரசின் கடைசிக் காலத்து வெள்ளி எல்லாம் என் தட்டில் வரிசையாக இருக்கிறது. இந்த ஒரு குழிதான் காலி, பல வருடமாக. போன மழைக்காலத்தில் சேர்க்க ஆரம்பித்த மனுஷனுக்கு இது கிடைக்கிறது!

“போலி. முத்திரை வெச்சு அடிச்சதில்ல, அச்சுல ஊத்தி வார்த்தது” என்றேன். வெள்ளி விஷயத்தில் நான் சொன்னால் சொன்னதுதான். இன்னொருவர் வாங்கிப் பார்க்கக்கூட இல்லை.

அவர் சிரித்தார். “அதானே பார்த்தேன்! நம்ம மூஞ்சிக்கு இதெல்லாம் எங்க கிடைக்கப் போகுது?”

மார்ச் 4

வேலையில் கை ஓடவில்லை. பால் பரிசோதனைக்கூடத்தில் தண்ணீர் கலந்த பாலை முகத்தில் அடித்தாற்போல் திருப்பி அனுப்புகிறவள் நான். நேற்று நான் செய்தது என்ன? வயிற்றெரிச்சல். அதற்கு வேறு பெயர் கிடையாது.

மார்ச் 9

இதைவிடக் கேவலமான யோசனை ஒன்று வந்திருக்கிறது. ‘போலி எப்படி இருக்கும்னு புதுசா வர்றவங்களுக்குக் காட்டணும், கொடுங்க’ என்று கேட்டால் சும்மாவே தூக்கிக் கொடுத்துவிடுவார். எழுதும்போதே கூசுகிறது. ஆனாலும் நாளைக்குப் போவேன் போலிருக்கிறது.

மார்ச் 10

போனேன். என் மாற்றுக் கண்ணாடியின் திருகு தளர்ந்துவிட்டது என்று சாக்குச் சொல்லி அதைக் கொடுத்தேன். கல்லாவில் அவர் பெண் உட்கார்ந்திருந்தாள். “அத்தை, இதப் பாருங்களேன்!” — கழுத்துச் சங்கிலியைத் தூக்கிக் காட்டினாள்.

அந்தக் காசு. பேரரசரின் நெற்றியில் சுத்தமாக ஒரு துளை.

“போலிதானேக்கா, சும்மா எதுக்குப் பெட்டில கிடக்கணும்னு லென்ஸுக்கு ஓட்டை போடுற மெஷின்லயே போட்டுட்டேன். இவ பொறந்தநாளுக்கு” என்றார். எவ்வளவு பெருமை அந்த முகத்தில்.

“நல்லா இருக்கா அத்தை?”

நல்லா இருக்கு என்றேன். ஐயோ, நான் என்ன பண்ணிட்டேன்! யாரை நம்பி அவர் அந்த மெஷினைத் தொட்டார்? என்னை நம்பி.

மார்ச் 11

வீட்டில் இவரிடம் சொல்லி அழுதேன். “ஒரு நகத்தளவு காசுக்கா இப்படிப் பண்ணின?” என்றார். பிறகு, “இங்க உட்கார்ந்து அழுதா அவருக்கு எப்படித் தெரியும்? போய்ச் சொல்லு.”

மார்ச் 15

போகவில்லை.

மார்ச் 19

கடைத்தெரு முனை வரை போய்த் திரும்பிவிட்டேன். கோழை.

மார்ச் 23

சொல்லிவிட்டேன். கடையில் வேறு யாரும் இல்லை. அவர் ஒரு லென்ஸைத் துடைத்துக்கொண்டே கேட்டார். துடைப்பது மட்டும் நின்றது.

“அன்னைக்கே தெரியுமாக்கா?”

“தெரியும்.”

கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தேவலை. சங்கத்தில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

“வேண்டாம். பொண்ணு காதுக்குப் போயிடும். நெசமான காசுன்னா பயந்துபோய்க் கழட்டி வெச்சுடுவா. அவ கழுத்துலயே இருக்கட்டும்.” அன்றைக்கு நான் விட்டுவந்த கண்ணாடியை உறையில் போட்டு நீட்டினார். “திருகு மாத்தியாச்சு.”

அவருக்காகச் சும்மா இருக்கிறேனா, எனக்காகவா? நாலு பேர் முன்னால் தலைகுனிந்திருந்தால் கொஞ்சமாவது ஆறியிருக்கும். அதுவும் இல்லை.

ஏப்ரல் 7, ஞாயிறு

கூட்டம். புதிதாக வந்தவர் ஒரு வெள்ளியை என்னிடம் நீட்டினார். எனக்குச் சரியாகத் தெரியவில்லை, செயலாளரிடம் காட்டுங்கள் என்றேன். எல்லோரும் அதிசயமாகப் பார்த்தார்கள். கண்ணாடிக்கடைக்காரர் மட்டும் பார்க்கவில்லை. அவர் பெண்ணும் வந்திருந்தாள், கழுத்தில் அந்தக் காசோடு.

கலையும்போது மாடிப்படியில் விளக்கு எரியவில்லை. “பார்த்து இறங்குங்க மேடம்” என்றார் அவர், மரியாதையாக.

பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “என்னப்பா திடீர்னு மேடம்ங்கற? அத்தையப் போயி?”

அவர் செல்போன் வெளிச்சத்தைப் படியில் காட்டினார்; நான் அவள் கையைப் பிடித்தபடி இறங்கினேன்.