ஒத்திகையில் சொல்லாத வரி

ஜூலை 3, 1882. மெல்போர்ன்

விடியற்காலைக் கனவில் மறுபடியும் அயர்லாந்தில், எங்கள் வெக்ஸ்ஃபோர்டில் இருந்தேன். அம்மா வீட்டு வாசலில் நிற்கிறேன், கதவு மூடியிருக்கிறது, மழை கொட்டுகிறது, நான் நனையவில்லை. விழித்தால் ஜன்னலில் இந்த ஊர் மூடுபனி. ஜூலையில் குளிர்காலமாம் — இத்தனை வருஷமாகியும் உடம்பு ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறது.

ஜூலை 5

நான் எழுதி நடிக்கும் நாடகத்தின் கடைசிக் காட்சி ஒத்திகை. ஊர் திரும்பிய கோமாளியாக நான், செத்துப்போன தாயின் வீட்டு வாசலில் ஒரே ஒரு வரி சொல்ல வேண்டும், திரை விழும். புது நாடகத்தின் கடைசி வரியை ஒத்திகையில் சொன்னால் நாடகம் படுத்துவிடும் என்பது எங்கள் நடிகர் சாதியின் நம்பிக்கை. வாயை மூடிக்கொண்டு நின்றேன். நாடகக் கம்பெனி முதலாளி பெட்டிஃபருக்கு ஒரே குஷி. "வரிய எப்படிப் பூட்டி வச்சிருக்கான் பாரு, கள்ளன்!"

பூட்டி வைக்க என்ன இருக்கிறது? அதை நான் எழுதவே இல்லை.

ஜூலை 7

வரி ஒன்றும் வரவில்லை. துறைமுகத்தில் கப்பல்கள் ஊதுவதைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன்.

ஜூலை 8

தாயாக நடிக்கும் ஹனோரா கண்டுபிடித்துவிட்டாள். இரண்டாம் அங்கத்திலேயே செத்துப்போய், அப்புறம் மேடையோரம் உட்கார்ந்து காலுறை பின்னுகிறவள்.

"டேய் மலாக்கி, வரி இல்லதானே?"

"இல்லக்கா."

"ஊர்ல எல்லார்கிட்டயும் வாயாடுற. உங்கம்மா வாசல்ல மட்டும் ஊமையா?"

ஆமாம், ஊமைதான். கேட்க ஆளில்லாத வீட்டில் என்னத்தச் சொல்ல? அம்மா போன செய்தி கப்பலேறி என்னிடம் வருவதற்குள் அவள் குழிமேல் புல்லே முளைத்திருக்கும். திங்களன்று அரங்கேற்றம். நான் வாயடைத்து நின்றால் கம்பெனியே தெருவில் நிற்கும்.

ஜூலை 10

சிரித்தார்கள், அழுதார்கள். வர்ணம் பூசிய கதவின் முன்னால் போய் நின்றேன். வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. மேடையின் வாயு விளக்குகள் சீறுவது கேட்டது. கேலரியிலிருந்து, எங்கள் அயர்லாந்தின் கிளேர் பக்கத்து ஆள் ஒருவன் பொறுமையிழந்து கத்தினான்:

"ஏன்யா நிக்கிற? உன் வீடுதானே! உள்ள போய்யா!"

போனேன். திரை விழுந்தது. கதவுக்குப் பின்னால் இருட்டு, பசை நாற்றம், செங்கல் சுவர். அதில் நெற்றியை முட்டுக்கொடுத்து, அம்மா அம்மா என்று அழுதேன். வெளியே கைதட்டல் ஓயவில்லை. நான் தலைகாட்டாததையும் நடிப்பென்றே நினைத்துக்கொண்டார்கள்.

ஜூலை 13

இப்போது தினமும் அந்தக் கிளேர்க்காரன் கத்திய வரியைக் கேலரி மொத்தமும் சேர்ந்து சொல்கிறது. இன்று கதவைத் தள்ளிக்கொண்டு போனால், சுவரோரம் ஹனோரா — தாய் வேஷத்துச் சால்வையோடு, கையில் டீக் குவளை. சபைக்கு அவள் தெரியமாட்டாள்.

"இவ்வளவு நாளா எங்கடா சுத்திட்டு வர்ற? டீ ஆறுது பாரு."

அங்கேயே உட்கார்ந்து குடித்தேன்.