முற்றத்துக்கு எந்தக் கூரை?

திருத்தணி,
14-9-1979

அன்புள்ள மாப்பிள்ளை மணவாளன் அவர்களுக்குப் பரந்தாமன் எழுதுவது.

ஆறு வருஷமாக எழுதாத சொல்லை எழுதிவிட்டேன். ‘திரு. மணவாளன்’ என்று ஆரம்பித்த இன்லண்டு கடிதங்கள் இரண்டைக் கிழித்தாயிற்று. தாலுகா ஆபீசில் முப்பது வருஷம் ஊரார் மனுக்களில் குற்றம் கண்டுபிடித்தவனுக்குத் தன் மனு ஒன்றை ஒழுங்காக எழுத வரவில்லை.

இங்கு நலம் என்று எழுதுவதற்கில்லை. உங்கள் மாமியார் ரஞ்சிதம் சித்திரையில் மயங்கி விழுந்தவள்தான், வலது கையும் காலும் அசையவில்லை. எதிர்வீட்டு ஜெயம்மாள் பத்மாவுக்கு எழுதியிருப்பாள். எழுதியும் பத்மா வராததில் தப்பில்லை. வாசல்படி மிதிக்கக் கூடாது என்று என் மகளிடம் சொன்னவன் நான்தானே.

விஷயத்துக்கு வருகிறேன். அறைக்குள் படுக்கவைத்தால் ரஞ்சிதம் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வாயைத் திறப்பதில்லை. முற்றத்தில், அவள் வளர்த்த கனகாம்பரம், மருவுத் தொட்டிகளுக்கு நடுவில் கட்டிலைப் போட்டால் நாலு வாய் சாப்பிடுகிறாள். ஆனால் ஐப்பசி மழை வருகிறது. நெஞ்சில் சளி கட்டினால் தாங்கமாட்டாள் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆகவே, வெளிச்சம் வரவேண்டும், மழை வரக்கூடாது, அப்படி ஒரு கூரை முற்றத்துக்கு மேலே வேண்டும். எதைப் போடுவது என்று ஒரு மாதமாக எனக்குத் தலை சுற்றுகிறது.

கண்ணாடி என்று முதலில் முடிவு செய்தேன். தச்சு வேலை செய்யும் வேணு சிரித்தான். “மலையிலேர்ந்து கொரங்கு எறங்கி வந்துகினே கீது சார். ஒண்ணு குதிச்சா போதும், அம்மா மேலயே கொட்டும்” என்றான். உள்ளே கம்பிவலை வைத்த கண்ணாடி உடைந்தாலும் கொட்டாது என்று ஒருவர் சொன்னார். அதன் கனத்தை நம் பழைய சுவர் தாங்காது என்கிறான் வேணு.

மெட்ராசிலிருந்து ஃபைபர் ஷீட் மாதிரிக்கு ஒரு துண்டு வாங்கி வந்தேன். பச்சை நிறம், கண்ணுக்குக் குளிர்ச்சி என்றார்கள். கட்டிலுக்கு மேலே கட்டிப் பார்த்தேன். அதன் கீழே அவளுக்கு ஊட்ட எடுத்த தயிர்ச்சாதம் பாசி பிடித்ததுபோல் தெரிந்தது. ரஞ்சிதம் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். என் முகமும் அப்படித்தான் தெரிந்திருக்கும். வெள்ளை ஷீட் இருக்கிறதாம், மூன்று வருஷத்தில் மஞ்சளாகப் பழுத்துவிடுமாம். மூன்று வருஷம் போதுமா என்று கடைக்காரர் கேட்டார்.

நாட்டு ஓட்டுக்கு நடுவே நாலு கண்ணாடி ஓடு பதிக்கலாம் என்பது ஜெயம்மாள் யோசனை. அதில் கைக்குட்டை அளவு வெயில்தான் தரையில் விழும். அது கட்டிலைத் தாண்டிப் போகும்வரைதான் அவளுக்கு வெளிச்சம்.

அவளையே கேட்டுவிடலாம் என்று உட்கார்ந்தேன். விழுந்ததிலிருந்து அவளுக்கு வருகிற ஒரே பேச்சு ‘ஆங்’. கண்ணாடியா என்றேன். ஆங். ஷீட்டா என்றேன். ஆங். ஒன்றுமே வேண்டாமா என்றேன். அதற்கும் ஆங். கோபத்தில் எழுந்து போய்விட்டேன். பேச முடியாதவளிடம் கோபித்துக்கொள்கிற மனிதன் நான். பிறகு திரும்பி வந்து, பம்பாய்க்கு, உங்களுக்கு எழுதட்டுமா என்று கேட்டேன். அவள் ஆங் என்று சொல்லவில்லை. இடது கையால் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். வெகுநேரம் விடவில்லை.

கண்ணாடி அறுக்கிறவனுக்கா என் பெண்ணைக் கொடுப்பேன் என்று நாலு பேர் முன்னால் கத்தினேன். அந்தத் தொழிலின் அருமை தெரிந்து இன்று உங்களிடமே யோசனை கேட்கிறேன். உங்களுக்குச் சிரிப்பு வந்தால் சிரியுங்கள், அது நியாயம். எனக்கு வெட்கமாக இருக்கிறது. பதில் மட்டும் போடாமல் இருந்துவிடாதீர்கள்.

அளவு எழுதச் சொல்வீர்கள். அதிலும் குழப்பம்தான். வேணுவின் மடக்கு அளவுகோலில் முற்றத்தின் நீளம் பன்னிரண்டு அடி. நான் நேற்று டேப் வைத்துப் பார்த்தேன், பன்னிரண்டடி இரண்டங்குலம் வந்தது. இன்று காலையில் ஒரு அங்குலம் குறைந்தது. அந்தப் பக்கம் டேப்பின் முனைமேல் செங்கல்லை வைத்துவிட்டு இந்தப் பக்கம் ஓடி வருகிறேன், அதற்குள் நழுவிவிடுகிறது. வீட்டில் வேறு ஆள் இல்லை. தப்பான அளவில் அறுத்த கண்ணாடியை ஒட்டவைக்க முடியாது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

ஆகையால் நீங்களே வந்து அளந்தால்தான் சரிப்படும். அரக்கோணத்தில் இறங்குங்கள், எந்த வண்டி என்று தெரிவித்தால் நான் வந்து நிற்கிறேன். டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். பத்மாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

முருகன் உங்கள் இருவரையும் நல்லபடியாக வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்
பரந்தாமன்